டிசம்பர் 26 நெருங்கும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் நாகப்பட்டினத்துக்காரி. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை சுனாமியில் கடல் ஊருக்குள் வந்தபோது எனக்கு வயது பத்தொன்பது. என் தம்பிக்கு ஒன்பது. அவன் போய் இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. எங்கள் மாவட்டத்தில் மட்டும் அன்று 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். மார்கழி பிறந்தால் எங்கள் தெருக்களில் பல வீடுகளில் தூக்கம் கெட்டுவிடும்.

சில வருடங்களாக, நினைவு நாளுக்கு முந்தைய வாரங்களில் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து உட்கார்ந்து பேசுகிறோம். அங்கே திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அவற்றுக்கு எங்களுக்குத் தெரிந்த பதில்கள் இவை. நான் மருத்துவர் இல்லை. படித்ததும், விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டதும், நாங்கள் பட்டதும் இதில் கலந்திருக்கின்றன. எல்லோருக்கும் இதே தேதி இல்லை. அதே 2004இல் தீவிபத்தில் 94 குழந்தைகளை இழந்த கும்பகோணத்துக்கு ஜூலை 16. முள்ளிவாய்க்காலில் சொந்தங்களை இழந்தவர்களுக்கு மே 18. உங்கள் வீட்டுக்கு மட்டுமே தெரிந்த தேதியாகவும் இருக்கலாம். உங்கள் தேதியைப் போட்டுக்கொண்டு படியுங்கள்.

டிசம்பர் பத்தாம் தேதி வாக்கிலேயே எனக்கு என்னவோ ஆகிவிடுகிறது. எரிச்சல், படபடப்பு, ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு. அந்த நாளைப் பற்றி நான் நினைக்கக்கூட இல்லை. ஏன் இப்படி?

நீங்கள் நினைக்காவிட்டாலும் உடம்பு நினைத்துக்கொள்கிறது. அந்தக் காலைப்பொழுது உங்களுக்குள் தனியாகப் பதியவில்லை. விடியற்காலைக் குளிர், கோயில் ஒலிபெருக்கியில் மார்கழிப் பாட்டு, வாசல் கோலத்தில் பூசணிப்பூ, அரையாண்டுத் தேர்வு முடிந்து தெருவில் விளையாடும் பிள்ளைகளின் சத்தம், வேளாங்கண்ணிப் பக்கம் வீட்டுக்கு வீடு தொங்கும் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் எல்லாமே அதோடு சேர்ந்து பதிந்திருக்கின்றன. வருடா வருடம் இவை ஒவ்வொன்றாக வரும்போது, அடுத்து என்ன வரப்போகிறது என்று உடம்பு பயந்துபோய்த் தயாராகிறது. மனநல மருத்துவத்தில் இதை ஆண்டு நினைவு எதிர்வினை என்பார்கள். ஜோசபின் ஹில்கார்ட் என்ற அமெரிக்க மருத்துவர் 1953லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார்.

எங்கள் வீட்டில் நானும் அம்மாவும் குழம்பில் உப்பு அதிகம், துணி காயவில்லை என்று பேச்சு நின்றுபோகிற அளவுக்குச் சண்டை போடுவோம். நாலைந்து வருடம் கழித்துத்தான், அந்தச் சண்டை எப்போதும் டிசம்பர் நடுவில் வருகிறது என்பது உறைத்தது. இப்போதும் சண்டை வருகிறது. ஆனால் நடுவில் யாராவது ஒருத்தி “மார்கழி பொறந்துடுச்சுல்ல” என்பாள். இருவரும் அடங்கிவிடுவோம்.

தினசரி காலண்டரில் டிசம்பர் பத்தாம் தேதித் தாளில் பேனாவால் ஒரு சின்னக் குறி போட்டு வையுங்கள். அந்தத் தாளைக் கிழிக்கும்போது இது ஏன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தப் பதினைந்து நாட்களில் பெரிய முடிவுகளை எடுக்காதீர்கள். கடன் விஷயம், சொத்துப் பேச்சு, பிள்ளையின் கல்யாணப் பேச்சு எல்லாம் தை பிறந்ததும் பார்த்துக்கொள்ளலாம். பலருக்கு அந்த நாளைவிட அதற்கு முந்தைய வாரம்தான் பாரமாக இருக்கிறது. 26ஆம் தேதி விடிந்துவிட்டால் ஊரோடு சேர்ந்து கடந்துபோய்விடுகிறது.

இத்தனை வருடம் கழித்தும் அழுகிறேன். இது நோயா?

வருடத்தில் சில நாட்கள் உடைந்து அழுவது நோய் இல்லை.

நீடித்த துக்கம் என்று ஒரு நோய்நிலை உண்டு. 2022 முதல் நடைமுறையில் இருக்கும் உலக சுகாதார அமைப்பின் நோய்ப் பட்டியலிலும் அது சேர்க்கப்பட்டிருக்கிறது. இறந்தவரைப் பற்றிய ஏக்கமோ நினைப்போ விடாமல் ஆறு மாதத்துக்கு மேல் ஆட்டிப்படைத்து, வேலை, வீடு, உறவு எதையும் நடத்த முடியாமல் செய்தால்தான் அந்தப் பெயர். அதிலும், அவரவர் சமூகத்தில் துக்கம் காக்கும் வழக்கத்துக்கு மிஞ்சிப் போகிறதா என்று பார்க்கச் சொல்கிறார்கள். ஆகவே திவசத்தன்று அழுகிறவரை யாரும் நோயாளி ஆக்க முடியாது.

அப்புறம், துக்கத்துக்கு ஐந்து படிகள் உண்டு, கடைசிப் படி ஏற்றுக்கொள்வது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் அதை எழுதியது, சாகப்போகிற நோயாளிகளோடு பேசி. பறிகொடுத்தவர்கள் அந்தப் படிகளில் ஏறித் தீரவேண்டும் என்று கட்டாயம் எதுவும் கிடையாது. ஸ்ட்ரோப், ஷுட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999இல் சொன்னது எனக்கு நம் வாழ்க்கையோடு ஒத்துப்போகிறது. மனம் கொஞ்ச நேரம் இழப்பின் பக்கம் போகும், கொஞ்ச நேரம் பிழைப்பின் பக்கம் வரும், இப்படிப் போய்ப் போய் வரும் என்றார்கள். அழுதுகொண்டே மீன் ஆய்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குக் கிளம்புகிற பெண்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிது இல்லை.

பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டுதான் ஓடினேன். நழுவிவிட்டது. ஒவ்வொரு டிசம்பரிலும் அந்தக் கை திரும்ப நழுவுகிறது.

எங்களோடு வந்து உட்கார்ந்தவர்களில் ஏறக்குறைய எல்லோரிடமும் இப்படி ஒன்று இருக்கிறது. கையை விட்டவர். ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இன்னொன்றைத் தூக்க முடியாமல் போனவர். “நீ முன்னால போ, நான் வர்றேன்” என்று சொன்னவர். அன்றைக்கு வெளியூர் போயிருந்ததாலேயே தப்பித்தவர்.

அன்று நடந்ததை முதலில் சரியாகத் தெரிந்துகொள்வோம். சுமத்ரா பக்கம் பூமி அதிர்ந்தது நம் நேரப்படி காலை 6.28 மணிக்கு. நம் கரையில் அலை ஏறியது ஒன்பது மணியை ஒட்டி. நடுவில் இரண்டரை மணி நேரம். அந்த இரண்டரை மணி நேரத்தில் நமக்கு ஒரு வார்த்தை சொல்ல ஆள் இல்லை. இந்தியப் பெருங்கடலுக்கென்று எச்சரிக்கை மையம் ஒன்று அப்போது கிடையாது. சுனாமி என்ற சொல்லையே நம்மில் பலர் அன்று சாயங்காலம்தான் முதன்முதலாகக் கேட்டோம். அடுத்து, தண்ணீர். ஒரு மீட்டர் நீளம், அகலம், உயரம் உள்ள தண்ணீரின் எடை ஆயிரம் கிலோ. முழங்கால் அளவு வேகமாக ஓடும் வெள்ளமே பெரியவர்களைச் சாய்த்துவிடும். அன்று வந்த தண்ணீர் வீட்டுச் சுவரைப் பெயர்த்தது. படகுகளைத் தூக்கி ஊருக்குள் போட்டது. கதவு, டிரம், கட்டுமரத் துண்டு, முள்வேலி என்று எல்லாவற்றையும் உருட்டிக்கொண்டு வந்தது. எந்த மனிதக் கையின் பிடியும் அதற்கு எதிரே நிற்காது. உங்கள் விரல் விடவில்லை, தண்ணீர் பறித்தது.

இதெல்லாம் உங்கள் அறிவுக்குத் தெரியும். தெரிந்தும் ராத்திரியில் கை நழுவுகிறது, இல்லையா? அதனால் என் கதையைச் சொல்கிறேன்.

அன்று காலை என் தம்பி வீட்டுக்குள் பந்து அடித்துக்கொண்டிருந்தான். சத்தம் தாங்காமல் “வெளிய போய் விளையாடுடா” என்று நான்தான் துரத்தினேன். அவன் போனான். இதை ஏழு வருடம் நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. ஒரு டிசம்பர் ராத்திரி அடக்க முடியாமல் அம்மாவிடம் சொன்னேன். அம்மா வெகுநேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: “நான்தான்டி அவன் கையில ரெண்டு ரூபா கொடுத்து முறுக்கு வாங்கிக்கன்னு அந்தப் பக்கம் அனுப்புனேன்.” ஏழு வருடமாக ஒரே அடுப்படியில் நின்றுகொண்டு, அவனைக் கொன்றது நான்தான் என்று நானும் நினைத்திருக்கிறேன், அவரும் நினைத்திருக்கிறார். அம்மாவின் மேல் எனக்கு ஒரு துளி கோபம்கூட வரவில்லை. முறுக்கு வாங்கக் காசு கொடுப்பது ஒரு குற்றமா? அப்படிக் கேட்டபிறகுதான், சத்தம் போடுகிற தம்பியை வெளியே போ என்பதும் அதே மாதிரி ஒன்றுதான் என்று எனக்குப் புரிய ஆரம்பித்தது. முழுதாகப் புரிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன்.

அதனால் நான் கேட்டுக்கொள்வது: இந்த டிசம்பரில் ஒரே ஒருவரிடம் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். கேட்பவர் யார் என்பதில் கவனம் வேண்டும். “உன் தப்பு இல்ல, விடு” என்று உடனே வாயை அடைப்பவர் வேண்டாம். முழுதாகக் கேட்டு முடிக்கிறவர் வேண்டும். அப்படி ஆள் இல்லாவிட்டால் பிள்ளைக்கே கடிதமாக எழுதுங்கள். எழுதிக் கடலில் விட்டவர்களும் உண்டு, பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்திருப்பவர்களும் உண்டு.

“அவனிடமே போய்விடலாம்” என்ற நினைப்பு வருகிறது என்றால், நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். கீழே உதவி எண்கள் இருக்கின்றன.

திதியில் செய்வதா, தேதியில் செய்வதா? இரண்டும் வந்து இரண்டு தடவை வலிக்கிறது.

2004 டிசம்பர் 26 மார்கழிப் பௌர்ணமி. அந்தத் திதி ஒவ்வொரு வருடமும் டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவுக்குள் எங்கேயாவது விழும். ஹிஜ்ரி கணக்குப் பார்க்கும் நாகூர்க் குடும்பங்களுக்கு வருடத்துக்குப் பத்து, பதினோரு நாள் முன்னே தள்ளிக்கொண்டே போகும். சாஸ்திரத்துக்கு எது சரி என்பதை உங்கள் பெரியவர்களிடம் கேளுங்கள். மனசுக்கு எது சரி என்றால், இரண்டையும் பிரித்துக்கொள்வது பலருக்கு ஒத்துவருகிறது. 26ஆம் தேதி ஊரோடு. கடற்கரை, மௌன ஊர்வலம், மெழுகுவத்தி எல்லாம் அன்றைக்கு. திதி வீட்டோடு, படையல், காக்காவுக்குச் சோறு, அவர்களைப் பற்றிய பேச்சு. இரண்டுக்கும் தெம்பு இல்லாத வருடத்தில் ஒன்றை விட்டுவிடலாம். இறந்தவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

உடல் கிடைக்கவே இல்லை. எந்த நாளை நினைவு நாள் என்று வைப்பது?

இது எல்லாவற்றிலும் கடினமானது. பாலின் பாஸ் என்ற ஆய்வாளர் 1970களிலிருந்தே இதைப் பற்றி எழுதிவருகிறார். போய்விட்டார் என்று அழவும் முடியாமல், வருவார் என்று நம்பவும் முடியாமல் நடுவில் தொங்கும் இழப்புக்கு அவர் தனியாகவே ஒரு பெயர் வைத்தார். சுனாமியில் பலரை அடையாளம் காணாமலேயே மொத்தமாகப் புதைக்க வேண்டியிருந்தது. 2017 ஒக்கி புயலில் கன்னியாகுமரி மீனவர்கள் எத்தனையோ பேர் கடலிலேயே காணாமல் போனார்கள். வன்னியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார்கள் இன்னும் படத்தைக் கையில் ஏந்தி நிற்கிறார்கள். அவர்கள் யாருக்கும் துக்கத்தை முடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல நமக்கு உரிமை கிடையாது.

படத்துக்கு மாலை போடாத வீடுகள் எங்கள் ஊரில் இருக்கின்றன. மாலை போட்டால் செத்தவர் கணக்கில் வந்துவிடுமே என்று அந்தத் தாய் போடமாட்டார். போடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். மாலை இல்லாமலே விளக்கு ஏற்றலாம். திதி தெரியாதவர்களுக்கும் சேர்த்துத்தான் புரட்டாசி மகாளய அமாவாசை இருக்கிறது. அன்று எள்ளும் தண்ணீரும் விடலாம். அதுவும் மனசு ஒப்பாவிட்டால், அவர்களுடைய பிறந்த நாளை எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்தார்கள் என்பதில் சந்தேகம் இல்லையே.

அந்த நாளை எப்படிக் கழிப்பது? வேலைக்குப் போகலாமா?

எனக்குத் தெரிந்து அன்று மிகவும் அவதிப்படுகிறவர்கள், “வரும்போது பார்த்துக்கலாம்” என்று இருப்பவர்கள். காலை ஒன்பது மணி எங்கே, யாரோடு என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். மற்ற நேரத்துக்கு இவ்வளவு ஏற்பாடு வேண்டாம். எங்கள் ஊரில் அன்று யாரும் தொழிலுக்குப் போவதில்லை. படகுகள் கரையில் கிடக்கும். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம், நம்பியார் நகர் என்று ஒவ்வொரு ஊராரும் கடற்கரைக்கு வருவார்கள். சொம்பில் பால் கொண்டுவந்து கடலில் ஊற்றுவார்கள், பூப் போடுவார்கள். பெண்கள் ஒப்பாரி வைத்து அழுவார்கள். இலங்கையில் அன்று காலை 9.25க்கு நாடு முழுவதும் இரண்டு நிமிடம் மௌனம் காக்கிறார்கள்.

கூட்டம் ஒத்துவராது என்றால் வீட்டிலேயே அந்த நேரத்துக்கு ஒரு வேலை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு செடி நடலாம். அவருக்குப் பிடித்ததைச் சமைத்து அவர் வயதுள்ள ஒரு பிள்ளைக்குக் கொடுக்கலாம். நாங்கள் முறுக்கு சுடுகிறோம். அம்மாவுக்கு அந்த முறுக்கை மாவு பிசைந்து கையால் பிழிய எத்தனை வருடம் ஆனது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வேலைக்குப் போவது பாவம் இல்லை. வேலைதான் சிலரை நிறுத்தி வைக்கிறது. ஆனால் மேலதிகாரியிடமோ பக்கத்து இருக்கைக்காரரிடமோ “இன்னிக்கு எங்க வீட்டுல நினைவு நாள்” என்று ஒரு வரி சொல்லி வையுங்கள். திடீரென்று எழுந்து வெளியே போனால் யாரும் கேள்வி கேட்காமல் இருப்பார்கள். மறக்காமல் சாப்பிடுங்கள். வெறும் வயிற்றில் அழுதால் மதியத்துக்குள் தலைவலி வந்து சுருண்டு விடுவோம்.

வெளியூரில், வெளிநாட்டில் தனியாக இருப்பவர்கள் நம் ஒன்பது மணி அவர்களுக்கு எத்தனை மணி என்று பார்த்து, வீட்டுக்கு வீடியோ கால் போட்டுக் கடல் சத்தத்தையாவது கேளுங்கள்.

டிவியில் திரும்பத் திரும்ப அந்த அலையைக் காட்டுகிறார்கள்.

அணைத்துவிடுங்கள். முந்தின நாளிலிருந்தே அணைத்துவிடுங்கள். போனில் பழைய வீடியோக்களை அனுப்பும் குரூப்களை இரண்டு நாளைக்குச் சத்தமில்லாமல் போட்டு வையுங்கள். பேட்டி கேட்டு மைக் நீட்டினால் “வேண்டாங்க” என்று சொல்லிவிட்டு நகரலாம். காரணம் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை.

அப்பா வருடம் முழுவதும் ஒழுங்காக இருப்பார். அன்று மட்டும் குடித்துவிட்டு வந்து விழுவார்.

நம் ஊரில் துக்கம் தாங்காத பெண்ணுக்கு ஒப்பாரி இருக்கிறது. கட்டிப் பிடித்து அழ நாலு பெண்கள் இருக்கிறார்கள். ஆணுக்கு என்ன வைத்திருக்கிறோம்? “ஆம்பள அழலாமா” என்ற ஒரு வாக்கியம். மிச்சத்துக்கு டாஸ்மாக். குடியை நான் நியாயப்படுத்தவில்லை. அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால்தான் எப்போது பேசுவது என்று தெரியும்.

26ஆம் தேதி பேசாதீர்கள். இருபதாம் தேதி வாக்கில், அவர் தெளிவாக, வலை பின்னிக்கொண்டோ டீ குடித்துக்கொண்டோ இருக்கும்போது பக்கத்தில் உட்காருங்கள். குடிக்காதீங்க என்று ஆரம்பிக்க வேண்டாம். “அப்பா, இந்த வருஷம் பால் சொம்ப நீங்க தூக்கிட்டு வாங்க” என்று சொல்லுங்கள். ஒரு பொறுப்பு, ஒரு நேரம், கூடவே ஒரு கூட்டாளி. எங்கள் தெருவில் மூன்று அப்பாக்கள் அப்படித்தான் ஊர்வலத்துக்கு வர ஆரம்பித்தார்கள். ஒருவர் இன்னும் வரவில்லை. குடித்துவிட்டு அடிப்பவராக இருந்தால் துக்கம் அதற்குச் சாக்கு ஆகாது. அன்று ராத்திரி நீங்களும் அம்மாவும் சித்தி வீட்டிலோ அத்தை வீட்டிலோ தங்குங்கள். பெண்களுக்கான உதவி எண் 181.

அக்கா சுனாமியில் போனபிறகு பிறந்தவள் நான். அவள் பெயரையே எனக்கு வைத்திருக்கிறார்கள். அந்த நாளில் அம்மா என்னைப் பார்த்து அழும்போது என்ன செய்வதென்று தெரியவில்லை.

கண்ணு, உன்னைப் போல எங்கள் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டிருந்த தாய்மார்கள், பிள்ளைகளை மொத்தமாகப் பறிகொடுத்தபின் அரசு உதவியோடு அதை மாற்றிக்கொள்ளும் அறுவை சிகிச்சை செய்து, மறுபடி பெற்ற பிள்ளைகள் நீங்கள். எவ்வளவு வேண்டி உங்களைப் பெற்றார்கள் என்று நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அக்காவின் பெயர் உன்னிடம் இருக்கலாம். அவளுடைய இடத்தை நிரப்பும் வேலை உன்னுடையது இல்லை. அவள் நன்றாகப் படித்தாள், அவள் இப்படிப் பேசமாட்டாள் என்று யாராவது ஒப்பிட்டால் உனக்குக் கோபம் வரும். வருவது சரிதான். நீ பார்த்தே இராத ஒருத்திக்காக அழுகை வராவிட்டாலும் குற்றவுணர்ச்சி வேண்டாம்.

இந்த வருடம் அம்மா அழும்போது அறையைவிட்டுப் போகாமல், அக்காவைப் பற்றி ஒரு கேள்வி கேட்டுப் பார். அவள் எதற்கெல்லாம் அடம் பிடிப்பாள், யாரோடு சண்டை போடுவாள் என்று. அழுதுகொண்டே அம்மா சிரிக்கவும் செய்வார். உனக்கும் அவள் படத்திலிருந்து இறங்கி ஓர் அக்காவாக வருவாள். அப்புறம், உன் பிறந்த நாளை உனக்கே உனக்கென்று கொண்டாடச் சொல்லிக் கேள். அந்த நாளில் படத்துக்கு முன்னால் நின்று அழவேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லலாம். முகத்துக்கு நேரே முடியாவிட்டால் சித்தி மூலமாகச் சொல்.

இப்போதும் கடல் சத்தம் கொஞ்சம் மாறினால் ஓடத் தோன்றுகிறது.

2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ரா பக்கம் மறுபடி பெரிய பூகம்பம் வந்து எச்சரிக்கை விடுத்தபோது நாங்களும் ஓடினோம். அலை வரவில்லை. ஆனால் அன்று முன்கூட்டியே சொல்ல ஆள் இருந்தார்கள். ஹைதராபாத்தில் 2007 முதல் சுனாமி எச்சரிக்கை மையம் இராப்பகலாக இயங்குகிறது. இதைத் தெரிந்துவைத்திருப்பது பயத்தைக் கொஞ்சம் தணிக்கும். உங்கள் தெருவிலிருந்து மேடான இடத்துக்கு எந்த வழி என்று ஒருமுறை குடும்பத்தோடு நடந்து பாருங்கள். பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். 2018இல் கஜா புயல் வந்த ராத்திரி, போக வேண்டிய வழி தெரிந்திருந்ததே எங்களைப் பதறாமல் காப்பாற்றியது. நெஞ்சு அடித்துக்கொள்ளும் அந்த நிமிடத்துக்கு: காலைத் தரையில் நன்றாக ஊன்றி, மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை மெதுவாக்குங்கள். கண்ணில் படுவதை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லுங்கள். சுவர், பக்கெட், கொடியில் சட்டை. இது 2004 இல்லை என்று உடம்புக்குத் தெரிய ஒரு நிமிடம் ஆகும்.

பறிகொடுத்த வீட்டுக்கு அன்று போனால் என்ன பேசுவது? நினைவுபடுத்திவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது.

அவர்கள் மறந்திருந்தால்தானே நீங்கள் நினைவுபடுத்த முடியும். இறந்தவரின் பெயரைச் சொல்லுங்கள். வருடங்கள் ஆக ஆக அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்ல ஆட்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். “உங்க பையன் எங்க வீட்டு மாடில பட்டம் விடுவானே” என்று எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் ஒரு வருடம் சொன்னார். எங்களுக்குத் தெரியாத ஒரு தம்பி கிடைத்தான். அம்மா இன்றும் அதைச் சொல்லிக்கொண்டிருப்பார்.

விதி, கொடுத்துவைத்தது அவ்வளவுதான், உனக்காவது இன்னொரு பிள்ளை இருக்கு, நிவாரணப் பணமாவது வந்துச்சே. இவை வேண்டவே வேண்டாம். ஒன்றும் தோன்றாவிட்டால் ஒரு தூக்குவாளியில் சாம்பாரோ ரசமோ கொண்டுபோய் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள்.

என் மகன் பிறந்தது டிசம்பர் 26. கேக் வெட்டலாமா?

வெட்டுங்கள். காலையில் கடலுக்குப் போய்வந்து சாயங்காலம் வெட்டும் குடும்பத்தை எனக்குத் தெரியும். சத்தமாகப் பாட்டுப் போடுவதில்லை, அவ்வளவுதான். குழந்தைக்கு அவன் பிறந்த நாளில் சிரிக்கிற அம்மா வேண்டும். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் என்பதால் இரண்டு நாளையும் சேர்த்தே இருட்டாக்கிக்கொண்ட வேளாங்கண்ணிப் பக்கத்து வீடுகளும் உண்டு. கொஞ்சம் கொஞ்சமாக நட்சத்திரத்தை மறுபடி தொங்கவிட்டிருக்கிறார்கள்.

போன வருடம் அந்த நாளை மறந்தே போனேன். மறுநாள்தான் நினைவு வந்தது. என்னை மன்னிக்கவே முடியவில்லை.

எனக்கும் ஒரு வருடம் அப்படி ஆனது. பிள்ளைக்குக் காய்ச்சல். மூன்று நாள் தூக்கம் இல்லை. 27ஆம் தேதி காலையில் காலண்டர் தாளைக் கிழிக்கும்போது கை நின்றுவிட்டது. அன்றைக்கே ஒரு டம்ளர் பாலை எடுத்துக்கொண்டு போய் ஊற்றிவிட்டு வந்தேன். தம்பி என்னிடம் தேதி கேட்பான் என்று தோன்றவில்லை. காய்ச்சலில் கிடந்த குழந்தையைப் பற்றித்தான் கேட்டிருப்பான்.

யாரிடம் உதவி கேட்பது? எப்போது?

தை பிறந்தும் டிசம்பர் பாரம் இறங்கவில்லை என்றால், வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் இல்லை என்றால், குடி இல்லாமல் அந்த நாளைத் தாண்ட முடியவில்லை என்றால், அந்தக் காலைப்பொழுது பகலிலேயே கண்முன் வந்து வந்து போகிறது என்றால், ஓர் ஆளைப் பாருங்கள். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. கட்டணம் இல்லை. சாவு பற்றிய நினைப்பு வந்தால் அந்த நிமிடமே பேசுங்கள்: டெலி மானஸ் 14416, இரவு பகல் எந்நேரமும், தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104. சென்னையில் 1986 முதல் இயங்கும் சிநேகா 044-24640050. இலங்கையில் 1926. பேச வாய் வராவிட்டால் பக்கத்தில் இருப்பவரை அழைத்துப் பேசச் சொல்லுங்கள்.

இத்தனை வருடம் நான் கடற்கரைப் பக்கமே போனதில்லை. இந்த வருடம் போகலாமா என்று தோன்றுகிறது.

தோன்றினால் வாருங்கள். 26ஆம் தேதியே நேராக வரவேண்டாம், கூட்டமும் அழுகையும் கேமராவுமாக இருக்கும். அதற்கு ஒரு வாரம் முன்னால், சாயங்காலம் வெயில் தாழ்ந்து, துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு வாருங்கள். மணல் ஆரம்பிக்கும் இடம் வரை வந்து திரும்பிவிட்டாலும் போதும். மறுநாள் இன்னும் பத்து அடி வரலாம். வராமலும் இருக்கலாம். அன்றைக்கு வந்தால், நாங்கள் கலங்கரை விளக்கத்துப் பக்கம் நிற்போம். நடுவில் வெள்ளைத் துண்டு போர்த்திய ஓர் அம்மா, கையில் முறுக்குப் பையோடு இருப்பார். அவர் பக்கத்தில் வந்து நின்றுகொள்ளுங்கள். யார், எந்த ஊர், யாரைப் பறிகொடுத்தீர்கள் என்று அவர் கேட்கமாட்டார். ஒரு முறுக்கை எடுத்து நீட்டுவார்.